சோளகத்தில் போட்ட கொங்கிறீட்

வைகாசி கழிந்து ஆனி பிறக்கும்போது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேல் வீசத் தொடங்கும் சோளகக் காற்று, பனைகளின் காவோலைகளைச் சலசலக்கச் செய்தும், செம்மண் தோட்டங்களின் புழுதியை வாரி வேலிகளின் மேல் இறைத்தும், ஆவணி முடியும்வரை ஏறக்குறைய ஓய்வின்றி நடமாடுகிறது. பெருமழை ஐப்பசிக்கு முன் வருவதில்லை. ஆகவே மழைக்கு முன் கூரையை மூடிவிட வேண்டும் என்று எண்ணுகிற ஒவ்வொரு குடும்பமும், ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்கென்று விடுமுறையில் வந்திறங்கும் பிள்ளைகள் கண்ணாலே பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஆசைப்படுகிற ஒவ்வொரு தாயும் தகப்பனும், மேல்வீட்டுச் சிலாப் போடுவதற்கு ஆனி, ஆடி, ஆவணி மாதங்களையே தேர்ந்துகொள்கிறார்கள். வருஷத்தில் காற்று மிக வேகமாக வீசும் காலமும், குடாநாட்டில் கொங்கிறீட் மிக அதிகமாகப் போடப்படும் காலமும் இவ்வாறு ஒன்றாகிவிடுகின்றன. இந்தச் சேர்க்கையின் பலன், ஊருக்கு ஊர் வீட்டுக்கு வீடு, புதிய சிலாப்பின் முகத்திலே அன்றைக்கே எழுதப்பட்டுவிடுகிறது.

சிலாப் போடும் நாள் நம்மவர்களுக்கு ஒரு விசேஷ நாள். விடியற்காலையில் மூலையொன்றில் கர்ப்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, கலவை இயந்திரத்தைச் சுழலவிட்டு, தாச்சி தாச்சியாகக் கலவையைக் கைமாற்றி மேலே ஏற்றி, பலகையின் மேல் கட்டிவைத்த கம்பிக்கூட்டின் மீது கொட்டி, மட்டக்கோலால் இழுத்துச் சமன்செய்து, ஆட்கள் பதினைந்து இருபது பேர் வேர்வை சொட்டச் சொட்ட உழைத்து முடிக்கும்போது பகல் பன்னிரண்டரை ஒரு மணி ஆகிவிடும். அதன்பின் கைகால் கழுவிக்கொண்டு எல்லோரும் பந்தியில் அமருகிறார்கள். வீட்டுக்காரர் அன்று மனமுவந்து சமைத்துப் போடுகிற சாப்பாடு சாதாரணச் சாப்பாடு அல்ல. ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கழித்து மேசன் மீண்டும் ஏணியில் ஏறிப் பார்க்கும்போது, காலையில் போட்ட பகுதியிலே, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இணையாக, முழ நீளமும் அதற்கு மேலுமாக, மயிரிழை தொடக்கம் நகக்கண் நுழையும் அகலம் வரையில் வெடிப்புகள் ஓடிக்கிடக்கின்றன. சென்ற ஆடியில் வலிகாமத்து வீடொன்றின் மொட்டைமாடியில் இதைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற வேளையில், பின்னாலே ஏறிவந்த வீட்டுக்கார அம்மா பதறிப்போய், “மேசன், இதென்ன, போட்ட உடனேயே வெடிச்சுக் கிடக்கு?” என்று கேட்டார். மேசன் நிதானமாக, “அது காத்துக்கு வாற வெடிப்பு அம்மா. பூச்சிலை மறைஞ்சிடும்” என்றார்.

அந்த மேசன் சொன்ன விடையின் முதற் பாதி முழுச் சத்தியம். சாஸ்திரம் படித்த பொறியியலாளர்கள் பல பக்கங்களில் நிரூபித்ததை அவர் மூன்று சொற்களில் சொல்லிவிட்டார். இரண்டாம் பாதிதான் ஆபத்து. வெடிப்பு கண்ட வீட்டுக்காரர்கள் சீமெந்தின் வர்க்கத்தைக் குறை கூறுகிறார்கள். மணலில் உப்பு என்கிறார்கள். மேசன் சீமெந்தை மிச்சம் பிடித்துவிட்டார் என்று சந்தேகப்படுகிறார்கள். நாள் பார்த்தது சரியில்லை என்று மனம் நொந்துகொள்வோரும் உண்டு. இவற்றில் ஒன்றிரண்டு வேறு சந்தர்ப்பங்களில் நியாயமாக இருக்கலாம். ஆனால் போட்ட சில மணி நேரத்துக்குள் தோன்றும் இந்த வெடிப்புக்கு அவை காரணமல்ல. காரணம் காற்று, பரிகாரம் முதல் ஆறு மணி நேரத்துச் சிரத்தை. அந்தப் பரிகாரத்துக்கு வேண்டிய பொருள்கள் யாவும் நம் வளவுகளிலேயே கிடக்கின்றன என்பதையும், அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவதால் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டிய கூரைக்கு முதல் நாளிலேயே ஊறு விளைகிறது என்பதையும் எடுத்துச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

புதிதாய்க் கொட்டிய கொங்கிறீட் பார்வைக்கு அசைவற்றுக் கிடந்தாலும் அதன் உள்ளே ஓர் இயக்கம் நடந்துகொண்டே இருக்கிறது. கல்லும் மணலும் சீமெந்துத் துகளும் தம் பாரத்தால் மெல்லக் கீழே அமிழ, அவற்றைவிட இலேசான நீர் அவற்றின் இடையே வழி தேடி மேலே ஊறிவருகிறது. சமன்செய்து முடித்த சற்று நேரத்தில் தட்டின் முகத்திலே பளபளவென்று ஒரு நீர்ப்படலம் தோன்றுவதை எல்லா மேசன்மாரும் அறிவார்கள். சாதாரணக் கலவையில் இவ்வாறு மேலேறும் நீர், ஒரு சதுர மீற்றருக்கு மணிக்கு அரைக் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரையில் இருக்கும். இந்தப் படலம் இருக்கும்வரை கொங்கிறீட்டுக்குக் குறையொன்றுமில்லை. வெயிலும் காற்றும் அதைத்தான் உறிஞ்சும். ஆவியாகிப் போகும் நீர் ஊறிவரும் நீரை மிஞ்சுகிற அந்தக் கணத்தில்தான் தொல்லை தொடங்குகிறது. முகத்தின் பளபளப்பு மறைந்து மங்கலான சாம்பல் நிறம் படர்கிறது. அனுபவமுள்ள கண்ணுக்கு அது ஓர் எச்சரிக்கை.

அதன் பின்னர் நடப்பது நுட்பமானது. மேற்பரப்பிலுள்ள துகள்களின் இடுக்குகளில் எஞ்சிநிற்கும் நீர், கீழே இழுக்கப்பட்டுக் குழிந்த வில்லைகளாகிறது. அவ்வில்லைகளின் பரப்பிழுவிசை பக்கத்துத் துகள்களை ஒன்றோடொன்று நெருக்கி இழுக்கிறது. நீர் குறையக் குறைய வில்லைகள் இன்னும் ஆழமாகக் குழிய, இழுப்பும் பெருகுகிறது. மேற்பரப்பு சுருங்க விரும்புகிறது. கீழே கிடக்கும் ஈரமான கொங்கிறீட்டும் கம்பியும் அதைச் சுருங்க விடுவதில்லை. இழுவையைத் தாங்கும் வலிமையோ அந்த வயதில் கொங்கிறீட்டுக்கு ஏறக்குறைய இல்லை. ஆகவே அது பிளக்கிறது. ஆடியில் வற்றிய குளத்தின் சேறு பாளம் பாளமாக வெடிப்பதும் இதே நியதியினால்தான். சேற்றுக்குக் காரணம் தெரிந்த விவசாயிக்குச் சிலாப்பின் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. கொங்கிறீட் இறுகத் தொடங்குமுன், அது இன்னும் குழைவாக இருக்கும்போதே நேர்கிற சுருக்கமாதலால் இதைக் குழைவுநிலைச் சுருக்கம் என்பர். பொதுவாகப் போட்ட அரை மணி நேரம் முதல் ஆறு மணி நேரத்துக்குள் இதன் வெடிப்புகள் தோன்றிவிடுகின்றன. ஓரங்கள் தளர்ந்து நகர இடமிருப்பதால் அவை தட்டின் விளிம்பை எட்டுவது அபூர்வம். ஆழம் பெரும்பாலும் ஓரிரு அங்குலம். நம் வீடுகளின் ஐந்தங்குலச் சிலாப்பில் ஓரிரு அங்குலம் என்பது அலட்சியம் செய்யத்தக்க அளவன்று. மெல்லிய தட்டுகளில் அடிவரை ஊடுருவுவதும் உண்டு.

இவ்விஷயத்தின் ஆராய்ச்சி வரலாறு சுவையானது. அமெரிக்காவில் போட்லண்ட் சீமெந்துச் சங்கத்தைச் சேர்ந்த கார்ல் மென்சல் என்பவர் 1954ஆம் ஆண்டில், காற்றின் வேகம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வெப்பம், கொங்கிறீட்டின் வெப்பம் ஆகிய நான்கையும் கொண்டு மேற்பரப்பிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகும் என்று கணிக்க வழி செய்தார். அவர் ஆதாரமாகக் கொண்டவை கொங்கிறீட்டைப் பற்றிய சோதனைகள் அல்ல. ஒக்லகோமா மாநிலத்து ஹெஃப்னர் ஏரியிலிருந்து நீர் ஆவியாவதை அளந்த ஆய்வுகள். ஏரியின் முகமும், நீர் ததும்பும் கொங்கிறீட்டின் முகமும் காற்றுக்கு ஒன்றே என்று கண்டது அவருடைய கூர்மை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1957இல், வில்லியம் லேர்ச் என்பவர் இச்சுருக்கம் எந்நிலையில் வெடிப்பாகிறது என்பதைத் தெளிவாக எழுதினார். 1976இல் விட்மன் என்னும் அறிஞர் துகளிடுக்கு நீரின் இழுவிசையை நேரே அளந்து காட்டினார். மென்சலின் கணிதத்தை வரைபடமாக்கி அமெரிக்கக் கொங்கிறீட் நிறுவகம் தன் வெப்பகாலக் கையேட்டில் சேர்த்துக்கொண்டது. சதுர மீற்றருக்கு மணிக்கு ஒரு கிலோ நீர் ஆவியாகும் நிலையை நெருங்கினால் முன்னெச்சரிக்கை அவசியம் என்பது அதன் வழிப் பரவிய பிரமாணம். ஊறிவரும் நீர் குறைவான கலவைகளுக்கு இதில் பாதி அளவே ஆபத்தாகலாம்.

1998இல் போல் ஊனோ என்ற பொறியியலாளர் அவ்வரைபடத்தை ஒரு சிறு சூத்திரமாகச் சுருக்கித் தந்தார். அந்தச் சூத்திரத்தை நம் ஊருக்குப் பிரயோகித்துப் பார்ப்போம். ஆடி மாதத்துப் பகல்; காற்றின் வெப்பம் 32 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 70 வீதம், காற்றின் வேகம் மணிக்கு 25 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கொங்கிறீட்டின் வெப்பமும் 32 பாகையாக இருந்தால் ஆவியாகும் நீர் 0.77 கிலோ. வெயிலில் காய்ந்த கல்லும், வெயிலில் நின்ற கறுப்புத் தாங்கியின் நீரும் சேர்ந்து கொங்கிறீட் 35 பாகைக்கு ஏறியிருந்தால் அதே காற்றில் 1.17 கிலோ. மூன்றே மூன்று பாகை எல்லையைத் தாண்ட வைத்துவிடுகிறது. இனி, அந்தச் சூடான கொங்கிறீட்டையே விட்டுவிட்டுக் காற்றை மட்டும் மறைப்பொன்றினால் 5 கிலோமீற்றருக்குத் தணித்தால் 0.36 கிலோவாக இறங்கிவிடுகிறது. விடியற்காலையில், காற்று 27 பாகை, ஈரப்பதம் 85 வீதம், வேகம் 12 கிலோமீற்றர், கொங்கிறீட் 30 பாகை என்றால் 0.35 கிலோ. ஆயிரம் சதுர அடிச் சிலாப்பொன்றுக்கு இதை மாற்றிச் சொன்னால், பகல் காற்றில் மணிக்கு ஏறக்குறைய 109 லீற்றர் நீர், அதாவது ஆறேழு குடம், யார் கண்ணுக்கும் தெரியாமல் வானத்தில் ஏறிவிடுகிறது. காற்றை மறைத்தால் அது 34 லீற்றராகிறது. வெயிலைத்தான் நம்மவர்கள் சந்தேகிக்கிறார்கள். கணக்கோ காற்றையே முதற் குற்றவாளியாகக் காட்டுகிறது. முகில் மூடிய நாளிலும் சோளகம் வீசினால் வெடிப்பு வரும்.

பளைப் பகுதியில் புலோப்பளையிலும் வல்லிமுனையிலும் 2014ஆம் ஆண்டு முதல் சுழன்றுகொண்டிருக்கும் பெருங் காற்றாலைகளைக் கண்டவர்களுக்கு இக்காற்றின் வலுவை விவரிக்க வேண்டியதில்லை. குன்றோ மேடோ இல்லாத சமதரை. கடலைத் தாண்டி வரும் காற்றுக்குத் தடையென்று ஒன்றுமில்லை. முன்பு வளவைச் சுற்றிக் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் உயர்ந்து நின்று காற்றை உடைத்தன. இன்று தாழ்ந்த மதில்கள். நிலத்தில் போடும் தளத்துக்காவது மதில் சிறிது மறைப்பு. பன்னிரண்டடி உயரத்தில் நாற்புறமும் திறந்து கிடக்கும் மேல்வீட்டுச் சிலாப்புக்கு அதுவும் இல்லை.

நாம் பயன்படுத்தும் பொருள்களும் இவ்விஷயத்தில் நமக்கு அனுகூலமாக இல்லை. நல்ல ஆற்றுமணல் வன்னியிலிருந்து வரவேண்டும். ஏற்றுகூலியும் அனுமதிப்பத்திரமும் சேர்ந்து அதன் விலை ஏறும்போது, வடமராட்சி கிழக்கின் மணற்காடு, அம்பன், குடத்தனைப் பக்கத்து மணல்மேடுகளின் மீது கண் போகிறது. அம்மேடுகள் கடலுக்கும் நன்னீருக்கும் இடையே நின்று அவ்வூர்களைக் காப்பவை; அவற்றை அள்ளுவதே பெருங்கேடு. அது ஒருபுறமிருக்க, காற்று அள்ளிக் குவித்த அந்த மணல் மிக நுண்ணியது. நுண்மணல் நீரைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்வதால் மேலே ஊறும் நீர் குறைகிறது. இன்றைய சீமெந்தும் முற்காலச் சீமெந்தைவிட நுண்ணியதாக அரைக்கப்படுகிறது. சாம்பல் போன்ற நுண்பொடிகள் சேர்ந்த கலப்புச் சீமெந்துகளும் சந்தையில் உண்டு. அவை நீண்டகால உறுதிக்கு நல்லவையே. ஆயினும் அவற்றிலும் மேலூறும் நீர் குறையலாம். தகப்பனார் காலத்தில் மூடாமல் விட்ட சிலாப் வெடிக்கவில்லையே என்று வாதிடுவோர் இதைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

தகப்பனார் காலத்துச் சீமெந்து இம்மண்ணிலேயே பிறந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த நாளில், 1950ஆம் ஆண்டு, காங்கேசன்துறைத் தொழிற்சாலை சீமெந்து உற்பத்தியைத் தொடங்கியது. வலிகாமத்தின் சுண்ணக்கல்லும் மன்னார்ப் பக்கத்து முருங்கன் களிமண்ணும் அங்கே சூளையிற் சேர்ந்தன; அந்தப் புகைபோக்கிகள் வடபகுதி மக்களின் பெருமையாக விளங்கின. 1990இல் யுத்தம் அவற்றை அணைத்துவிட்டது. அதன்பின் குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் சீமெந்தும் ஏறியது. சீமெந்தைத் தானே செய்து நாட்டுக்கு அனுப்பிய ஊர், ஒரு பைச் சீமெந்துக்கு ஏங்கி நின்றது. 2002இல் ஏ9 வீதி திறந்து, 2006இல் மூடப்பட்டு, 2009க்குப் பின் மீண்டும் திறந்தபோதுதான் பாரவண்டிகளில் சீமெந்து தாராளமாக வந்திறங்கியது. இதனை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டடத் தொழில் என்பது கை பார்த்துக் கை கற்கும் வித்தை. மூத்த மேசன் ஈரச்சாக்கைக் கையிலெடுப்பதைப் பார்த்தே இளையவன் எடுக்கப் பழகுகிறான். ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் அந்தப் பழக்கம் அறுந்துகிடந்தது. மூத்தவர்களில் பலர் இடம்பெயர்ந்தனர், பலர் கடல் கடந்தனர், பலர் மறைந்தனர். யுத்தம் முடிந்து வேலை வெள்ளம்போல வந்தபோது, ஓரிரு வருஷப் பயிற்சியோடு கரண்டி பிடித்தவர்கள் மீது முழுப் பாரமும் விழுந்தது. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

2012இல் பரவலாகத் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்தரை இலட்சம் ரூபா தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டு, வீட்டுரிமையாளரே மணல் வாங்கி, கல் வாங்கி, மேசனை அமர்த்திக் கட்டுவிக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. மக்களின் கையில் பொறுப்பைக் கொடுத்த அந்த முறையை நான் மெச்சுகிறேன். ஆனால் அதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது: குடாநாட்டின் வீடுகளிற் பெரும்பாலானவற்றில், கொங்கிறீட் போடும் வேளையில் அங்கே நிற்பவர் பொறியியலாளர் அல்லர், வீட்டுக்கார அம்மாவும் மேசனுந்தான். ஆகையால் இந்த அறிவு அவ்விருவர் கையிலும் இருந்தாலன்றிப் பயனில்லை.

சில மயிரிழை வெடிப்புகளால் வீடு இடிந்துவிடுமா என்று கேட்கலாம். இடியாது. ஆனால் யாழ்ப்பாணத்தின் எந்தக் கிராமமும் கடலிலிருந்தோ கடனீரேரியிலிருந்தோ வெகுதூரத்தில் இல்லை. சோளகம் தன்னோடு உப்பையும் சுமந்து வருகிறது. நல்ல கொங்கிறீட், கம்பியைச் சூழ்ந்து நின்று காரத்தன்மையால் அதைத் துருவேறாமற் காக்கிறது. கம்பிக்கு மேல் நாம் விடும் மூடுகனமோ முக்கால் அங்குலம் அல்லது ஓரங்குலம். வெடிப்பு அந்த மூடுகனத்தை அறுத்துக்கொண்டு கம்பி வரை சென்றுவிட்டால், மாரி மழைநீரும் உப்பும் காற்றும் நேர்வழியில் இரும்பைச் சேருகின்றன. துருவேறிய இரும்பு பருக்கும். பருத்து, மேலுள்ள கொங்கிறீட்டை உதைத்துத் தள்ளும். தீவகத்திலும் கரையோர ஊர்களிலும் பழைய வீடுகளின் சிலாப் அடியில் கம்பி சிவந்து தெரிய, கொங்கிறீட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகிடப்பதைப் பார்க்கிறோமே. அதற்கு உவர்நீரில் குழைத்ததும் உப்புமணலும் முக்கியமான காரணங்கள், எனினும் முதல் நாளில் திறந்த வெடிப்பு அவற்றுக்குத் துணைபோகிறது. பூச்சு அதை மறைக்கும்; அடைக்காது.

எல்லா வெடிப்பும் இவ்வகையைச் சேர்ந்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்பியின் நேர்மேலே, கம்பி ஓடும் வழியிலேயே கோடு விழுந்தால் அது கொங்கிறீட் அமிழும்போது கம்பி அதைத் தடுத்ததால் வந்த வெடிப்பு. போட்டுப் பத்து நிமிஷம் முதல் மூன்று மணி நேரத்துக்குள் வரும். சரியான வேளையில் வைபிரேட்டரை மீண்டும் ஒருமுறை பிடித்தால் மூடிக்கொள்ளும். வாரங்களும் மாதங்களும் கழித்து வருவது உலர்சுருக்கம். முட்டுக் கழற்றிய பின் சிலாப்பின் அடிப்புறத்தில், நடுப்பகுதியில் வெடிப்பு விரிந்தால் அது பாரம் தாங்காமையின் அடையாளம். அங்கே தாமதமின்றிப் பொறியியலாளரை அழைக்க வேண்டும்.

இனிப் பரிகாரம். முதலாவது, நேரம். சிலாப்பைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பின் தொடங்கினால் ஆபத்தான மணிகள் இரவுக்குள் விழும்; அல்லது மின்விளக்கு ஏற்றி விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்கி, காற்றுக் கிளம்புமுன் பெரும்பகுதியை முடித்து மூடிவிடலாம். நம் வழக்கமான ஏழு மணித் தொடக்கமும் ஒரு மணி முடிவும் இருக்கிற நேரங்களிலெல்லாம் மோசமான நேரம். இரண்டாவது, குளிர்ச்சி. கல்குவியலை முதல் நாள் மாலையிலிருந்தே கிடுகால் நிழற்படுத்தி நீர் தெளித்து வைக்க வேண்டும். கலவைக்குத் தாங்கி நீரை விட்டுக் கிணற்றிலிருந்து நேரே இறைத்த நன்னீரை எடுக்க வேண்டும். காய்ந்த பலகையும் சுடும் கம்பியும் கொங்கிறீட்டின் நீரைக் குடிக்காதபடி அவற்றைக் கொட்டுவதற்குச் சற்று முன் நனைத்து, தேங்கிய நீரை வடியவிட வேண்டும். மூன்றாவது, மறைப்பு. சிலாப்பின் தென்மேற்கு ஓரத்தில் ஆளுயரத்துக்குக் கிடுகுத் தட்டியோ தகரமோ பச்சை வலையோ கட்டினால், மேலே கணக்கிற் கண்டதுபோல, பாதிக்கு மேற்பட்ட நன்மை அதிலேயே கிடைத்துவிடும். சிலாப்புக்குச் செலவிடும் பணத்தில் இந்தத் தட்டியின் செலவு கண்ணுக்கே தெரியாது.

நான்காவதே தலையாயது: மூடுதல். முழுச் சிலாப்பும் முடியட்டும் என்று காத்திராமல், ஒரு கண்டம் சமன்செய்து முடிந்ததும் அதன் மேல் பொலித்தீன் விரிப்பை இழுத்து, ஓரங்களில் பாரம் வைத்துக் காற்று உள்நுழையாதபடி அமர்த்திவிட வேண்டும். இறுதி மெருகுக்கு வேளை வரும்போது விரிப்பைக் கண்டம் கண்டமாக விலக்கி, தேய்த்து, மீண்டும் மூடலாம். மூடுவதற்கு முன் இடைவேளை நேர்ந்தால், முகத்தின் பளபளப்பு மங்கத் தொடங்கும்போதே பனிபோல நுண்ணிய நீர்த்தூவல் வேண்டும். வெங்காயத் தோட்டத்தில் மருந்தடிக்கும் முதுகுத் தெளிகருவியின் நுண்துளை முனை இதற்கு மிகப் பொருத்தமானது. மருந்து ஒருபோதும் படாத புதிய கருவியாக இருப்பது உத்தமம். முனையை மேல்நோக்கிப் பிடித்து, காற்றையே ஈரமாக்குவதுபோல் அடிக்க வேண்டும். குழாயால் நேரே பீச்சினால் முகத்துச் சீமெந்து கழுவுண்டுபோகும். பொலிபுரோப்பிலீன் நுண்ணிழை சேர்ப்பதும் பயன் தரும். கனமீற்றருக்கு 900 கிராம் என்றால் ஆயிரம் சதுர அடி, ஐந்தங்குலச் சிலாப்புக்குப் பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். வசதியுள்ளவர்கள் செய்யலாம், ஆனால் இழை போட்டோம் என்று மூடாமல் விடுவது கூடாது.

இவ்வளவையும் மீறி வெடிப்புக் கண்டால், கொங்கிறீட் இன்னும் விரல் பதியும் நிலையில் இருக்குமானால், மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்து, வெடிப்பின் இரு கரையையும் ஆழத்திலேயே சேர்த்து மூடிவிடலாம். அதற்கு அந்த வேளையில் மேலே ஓர் ஆள் நிற்க வேண்டும். பந்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு சாரார் உண்ணும்போது மறு சாரார் சிலாப்பில் நிற்கும்படி ஏற்பாடு செய்யும் வீட்டுக்காரர், ஆயிரம் ரூபாவும் செலவிடாமல் தம் கூரையைக் காத்துக்கொள்கிறார்.

செய்யக்கூடாதவையும் உண்டு. கலவை இறுகுகிறது என்று மேலும் மேலும் நீர் விடுவது நம் வேலைத்தலங்களில் சர்வசாதாரணம். 50 கிலோச் சீமெந்துப் பைக்கு, மணலிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, 25 லீற்றரை ஒட்டிய நீரே நல்ல கொங்கிறீட்டுக்குப் போதும். அதிக நீர், முதல் நாள் வெடிப்பைச் சில வேளை தவிர்த்தாலும், வலிமையைக் குறைத்துப் பின்னாளில் உலர்சுருக்க வெடிப்பைக் கொண்டுவரும். ஊறிவந்த நீரை உலர்த்துவதற்காகக் காய்ந்த சீமெந்துத் தூளைத் தூவித் தேய்ப்பது இன்னொரு தவறு. சிவப்புச் சீமெந்து நிலங்களில் சிலந்திவலை போலப் படரும் நுண்வெடிப்புகளுக்கு இதுவே பெரும்பாலும் மூலம். மறுநாட் காலையில் சாந்தால் வரம்பு கட்டி நீர் தேக்குவது நல்ல வழக்கம். ஏழு நாளாவது அதைக் கைவிடாமற் செய்ய வேண்டும். ஆனால் மறுநாள் கட்டும் நீர், முதல் நாள் பகலில் திறந்த வெடிப்பை மூட வல்லதன்று. “நாளைக்குத் தண்ணி கட்டுவம்தானே” என்ற ஆறுதலில் எத்தனையோ சிலாப்புகள் கெட்டிருக்கின்றன.

வீடுகளை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. கிராமத்து ஒழுங்கைகளில் போடப்பட்ட கொங்கிறீட் வீதிகள், தோட்டங்களில் கிணற்றிலிருந்து நீர் ஓடும் சீமெந்து வாய்க்கால்கள், நெல் உலர்த்தும் தளங்கள் யாவும் மெல்லியவை, பரந்தவை, வெளியில் கிடப்பவை; காற்றின் முழு வேகமும் அவற்றின் முகத்தில்தான். அரசாங்கப் பணத்தில் நடக்கும் வேலைகளுக்கேனும், காற்று மறைப்பும் உடனடி மூடுதலும் விலைப்பட்டியலில் தனித்தனி வேலையாக எழுதப்பட்டு, அவற்றுக்குக் கூலியும் கொடுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கூலி எழுதப்படாத வேலையை எந்த ஒப்பந்தகாரரும் செய்வதில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரியும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. மாணவர் ஒருவர் கையில் ஒரு வெப்பமானியும் காற்றுவேகமானியும் கொடுத்து, ஆனி முதல் ஆவணி வரை சிலாப் போடும் வீடுகளுக்கு அனுப்பினால், நம் மணலுக்கும் நம் காற்றுக்கும் உரிய அளவுகள் ஒரே பருவத்தில் நம் கைக்கு வந்துவிடும். அவற்றைக் கொண்டு மேசன்மாருக்கு ஒற்றைத்தாள் அட்டவணை ஒன்று அச்சிட்டுக் கொடுக்கலாம்.

இந்தப் பருவத்திலேயே சிலாப் போட்டு வெடிப்புக் கண்டவர்கள் கலங்க வேண்டியதில்லை. ஆனால் பூச்சுக்கு முன் அதைக் கவனிக்க வேண்டும். மயிரிழை வெடிப்புகளுக்கு, தூசியைத் தூரிகையால் அகற்றி, தண்ணீர் கட்டும் நாள்களிலேயே சீமெந்துப் பாலை ஊற்றித் தேய்த்து உள்ளே இறங்கச் செய்யலாம். அதனினும் அகன்றவற்றை நன்றாக உலர விட்டு, குழி பறித்துத் துப்புரவாக்கி, கடைகளில் விற்கும் பிசின் கலந்த அடைப்புச் சாந்தால் நிரப்ப வேண்டும்; அடிவரை ஊடுருவியவற்றுக்கு எப்பொக்சி ஏற்றத் தெரிந்தவரை அழைப்பதே முறை. அடைத்த பின், ஐப்பசி மழைக்குக் காத்திராமல், வரம்பு கட்டி ஒரு பகலும் ஓர் இரவும் நீரைத் தேக்கி வைத்து, மறுநாட் காலையில் சிலாப்பின் அடியில் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாக ஈரம் பார்த்து, எங்கும் கசிவில்லை என்று கண்ட பின்னரே மேசனிடம் பூச்சுக்கு நாள் கொடுக்க வேண்டும்.